மணி பார்த்துக் கொடுக்கும் மாத்திரை

மகள் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தை முன்னிட்டு இம்மாதப் பகுதியை எழுதுகிறோம். அவருடைய தந்தையாருக்குப் புற்றுநோய், எலும்பிலும் பரவிவிட்டது. மருத்துவர் மார்பின் என்னும் மாத்திரையை நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்கும்படி சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். மூத்த அண்ணனோ, "அது அபின் சரக்கு, பழகினால் விடாது. கடைசி நேரத்துக்கு இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அப்பா வலி பொறுக்காமல் அலறும்போது மட்டும் ஒன்று எடுத்துக் கொடுக்கிறார்கள். "சாமி, கொடுப்பது பாவமா, கொடுக்காதது பாவமா?" என்று கேட்கிறார் அந்த மகள்.

ஊரும் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் இல்லங்கள் பலவற்றில் இதே பீரோவையும் இதே பூட்டையும் நாம் கண்டிருக்கிறோம்.

கொடுக்க வேண்டும் என்பதே நம் விடை. மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அலறும் வரை காத்திருந்து கொடுப்பது சிக்கனமும் அன்று, முன்னெச்சரிக்கையும் அன்று.

காரணத்தைச் சற்று விளக்குவோம். சாதாரண மார்பின் மாத்திரையின் பயன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும். அதன் வலு தீருமுன் அடுத்த வேளை உள்ளே சென்றுவிட்டால் வலி தலைதூக்காது. தலைதூக்கிய பிறகு அதை அடக்குவது கடினம். கூரையில் விழுந்த பொறியை ஒரு செம்பு நீர் அணைக்கும். கூரை பற்றிக்கொண்ட பின் கிணற்று நீரும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலி பற்றி வெளியிட்ட நூலிலும் இம்மருந்தைக் கடிகாரப்படி கொடுக்குமாறே கூறப்பட்டது. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம். நடு இரவில் எழுப்பாதிருக்கும் பொருட்டு, படுக்கும் வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கும்படி மருத்துவர் எழுதுவதும் உண்டு. அவ்வாறு எழுதியிருந்தால் மட்டுமே அப்படிச் செய்க. நம் கோவில் மணி நாளுக்கு மூன்று வேளைதான் ஒலிக்கிறது. இக்கணக்குக்கு அது உதவாது. சுவர்க் கடிகாரமும் பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும். கொடுத்த நேரத்தையும், வலி எவ்வளவு இருந்தது என்பதையும் அதில் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் வலி மீறினால் கொடுப்பதற்கென அவர் தனியே ஒரு வேளை எழுதியிருப்பார். எழுதவில்லையெனில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கூடவே கூடாது.

இனி, அண்ணனின் அச்சத்திற்கு வருவோம். அவரை நாம் இகழ மாட்டோம். அபின் குடும்பங்களை அழித்த வரலாறு உண்டு. மார்பின் அதிலிருந்தே பிரித்தெடுக்கப்படுவதும் உண்மை. ஆயினும் போதைக்காக ஒருவன் நாடுவது வேறு; வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் நோயாளி உண்பது வேறு. பல நாள் உண்டவரின் உடல் அதற்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், அமைதியின்மை தோன்றும். ஆதலின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இது உடலின் பழக்கமேயன்றி, மனம் அடிமைப்படுவதன்று. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பணியில், மார்பின் மாத்திரைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அங்கே 1,700-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிச் செய்த ஆய்வு 2001-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்து தவறான கைக்குப் போனதாக அதில் ஒன்றும் காணப்படவில்லை.

நம் நாட்டின் நிலையோ விந்தையானது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்துடன் அபின் பயிராகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின், உரிமச் சிக்கல்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல மார்பினை வாங்குவதையே விட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. இவ்வளவு தடை கடந்து கைக்கு வந்த மருந்தை அல்லவா பீரோவில் பூட்டுகிறோம்!

"ஆண்டவர் சிலுவையில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஏற்கவில்லையே" என்று நம்மிடம் வாதிட்ட பெரியவர்கள் உண்டு. மெய்தான், மாற்கு நற்செய்தி அவ்வாறே கூறுகிறது. ஆனால் ஏற்க மறுத்தவர் துன்புற்ற அவரேயன்றி, அருகில் நின்றவர்கள் அல்லர். தம் நோவைத் தாமே விரும்பி ஒப்புக்கொடுக்கும் நோயாளி உண்டெனில் அவரை வணங்குவோம். தந்தையின் வலியை மகன் ஒப்புக்கொடுக்க முடியாது. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், மயக்க மருந்து வல்லுநர்களின் வினாக்களுக்கு 1957 பிப்ரவரி 24 அன்று விடையளிக்கையில், வலியை மருந்தினால் தணிப்பது தகும் என்று தெளிவாக்கினார். மரணத்தை நாடாமல் வலியைத் தணிக்க மட்டுமே கொடுத்தால், ஆயுள் சிறிது குறையக்கூடும் என்ற நிலையிலும் அது தகும் என்பதே திருச்சபையின் போதனை. தக்க காரணமின்றி நோயாளியின் உணர்வை மழுங்கச் செய்யலாகாது என்றும் அவர் கூறினார், அதையும் மறக்கலாகாது. முறையாகக் கொடுத்தால் மார்பின் பெரும்பாலும் உணர்வைக் கெடுப்பதில்லை. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். வலி நின்றபின் மனைவியோடு பேசி, பேரப்பிள்ளையை அழைத்து, தாமே செபமாலையை எடுத்தவர்களை நாம் அறிவோம். (நோயில்பூசுதலுக்கும் அப்பொழுதே எம்மை அழையுங்கள். அவஸ்தைப் பூசுதல் என்ற பழம் பெயரை நினைத்துக்கொண்டு, மூச்சு இழுக்கும்போது ஆள் அனுப்புவது இன்னும் பல இடங்களில் ஓயவில்லை.)

தணியாத தொல்லை ஒன்று உண்டு: மலச்சிக்கல். அது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும்; நாள் சென்றாலும் நீங்காது. ஆதலின் மலம் இளக்கும் மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைத் தாங்க மாட்டாமல் வலி மருந்தையே நிறுத்தியவர்களும் உண்டு.

அபாயம் எங்கே என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இதனோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்து உடலில் தேங்கும். அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 12 மணி நேரம் மெல்லக் கரையும் மாத்திரையும் உண்டு. விழுங்க எளிதென்று அதை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் அரை நாள் மருந்து ஒரேயடியாக உள்ளே பாயும். உங்கள் கையில் இருப்பது எவ்வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தட்டி எழுப்பியும் நோயாளி விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த வேளையைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, காலம் தாழ்த்தலாகாது.

பீரோவும் பூட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் வந்துபோவோருக்கும் எட்டாதிருக்க அவை தேவையே. சாவி மட்டும், இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்பவர் கையில் இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டையும் மாத்திரையோடு வையுங்கள்.

இன்னொன்று. நோயாளி இறைவனடி சேர்ந்த பின் மீந்த மாத்திரைகளைப் பாட்டியின் முழங்கால் வலிக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இம்மருந்துக்குப் பழகாத முதியவரின் மூச்சை ஓரிரு மாத்திரைகூட நிறுத்திவிடக்கூடும். முப்பதாம் நாள் திருப்பலி வரை காத்திராமல், கொடுத்த மருத்துவமனையிலேயே அவற்றை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.