குடத்தின் வாயும் குலுக்கலின் நேர்மையும்

கட்கியில் இட்லிக் கடை நடத்தும் அக்கா ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தம் மகளுக்குத் தனியார் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். குலுக்கலில் பெயர் வரவில்லை. "இதுலயும் செட்டிங் இருக்குமா தம்பி?" என்றார். புள்ளியியல் படிப்பவன் என்பதால் எனக்கு விடை தெரியும் என்று நம்பினார். எனக்குத் தெரியவில்லை.

அதே கேள்வியை விடுதி நண்பர்கள் வேறொரு குலுக்கலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில், புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை குலுக்கல் மூலம் வழங்கப்படுகிறது. 2025 மே மாதம் அந்த முதலிடம் டல்லாஸ் அணிக்குப் போனது. அதற்கிருந்த வாய்ப்பு 1.8 விழுக்காடு மட்டுமே. மூன்று மாதங்களுக்கு முன்புதான் அந்த அணி லூக்கா டான்சிச் என்னும் தன் பெரும் வீரரை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்திருந்தது. அதற்கு ஈடாகவே லீக் முதலிடத்தைக் கொடுத்துவிட்டது என்று உலகெங்கும் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

இந்த முணுமுணுப்புக்கு நாற்பது வயது. 1985இல் நடந்த முதல் குலுக்கலில் ஏழு உறைகள் கண்ணாடி உருளையில் போடப்பட்டன. உறை ஒன்று உருளையின் விளிம்பில் மோதி மூலை மடங்கியது என்றும், நியூயார்க் அணியின் உறை குளிரூட்டப்பட்டிருந்தது என்றும் இன்றுவரை கதைகள் உலவுகின்றன. சான்று எதுவும் வெளிவரவில்லை. கதைகளும் ஓயவில்லை.

இன்றைய முறை நுட்பமானது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுத்தால் 1001 சேர்க்கைகள் கிடைக்கும். ஒன்றை ஒதுக்கி, மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பகிர்கிறார்கள். டல்லாஸுக்குக் கிடைத்தவை 18. தணிக்கை நிறுவனமும் செய்தியாளர்களும் அறைக்குள் இருக்கிறார்கள். ஆனால் நாம் நேரலையில் காண்பது, எல்லாம் முடிந்த பிறகு அட்டைகளைத் திறக்கும் சடங்கைத்தான்.

1.8 விழுக்காட்டு நிகழ்வு நிகழ்ந்தது மோசடிக்குச் சான்றாகாது. ஆண்டுதோறும் குலுக்கினால் அரியவையும் சில நேரம் வரத்தான் செய்யும். ஆனால் ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு குலுக்கல் நேர்மையானது என்றும் நிறுவ முடியாது. விழுந்த எண்ணுக்குத் தன் வரலாறு தெரியாது. ஆகவே நேர்மையை நடைமுறையில்தான் தேடவேண்டும்.

குலுக்கல்கள் தவறியதற்குச் சான்றுகள் உண்டு. 1969இல் வியட்நாம் போருக்கு ஆள்சேர்க்க அமெரிக்க அரசு 366 பிறந்தநாள்களைக் குலுக்கியது. எவரும் வஞ்சகம் செய்யவில்லை. சரியாகக் கலக்கவில்லை, அவ்வளவே. ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக அகப்பட்டார்கள். 1980இல் பென்சில்வேனியா லாட்டரியில் 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் வண்ணக்குழம்பை ஏற்றி எடை கூட்டினார்கள், 666 விழுந்தது. எடி டிப்டன் என்னும் கணினிப் பாதுகாப்பு அதிகாரி, பல மாநில லாட்டரிகளின் எண் உருவாக்கும் நிரலிலேயே குறிப்பிட்ட சில நாள்களில் முடிவை ஊகிக்கும் வழியைப் புதைத்து வைத்திருந்தார். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குலுக்கலைக் காக்கவேண்டியதே அவருடைய வேலையாக இருந்தது.

இந்த ஐயம் நம் முன்னோர்க்கும் இருந்தது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலின் பெருமைக்காகவே மேற்கோள் காட்டுகிறோம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். சபையார் முன்னிலையில் முதியவர் ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தை எடுத்து நிற்கவேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமாரும் வாசிக்கவேண்டும். மத்தியஸ்தன் நல்லவன் என்று நம்பச் சொல்லாமல், விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளியாதபடி கையை விரிக்கச் சொல்கிறது அந்த விதி.

புணேயில் கல்வித்துறை நடத்தும் குலுக்கலிடமும் அந்த விரிந்த கையைத்தான் கேட்கிறேன். கணினிக் குலுக்கலில் அது அரிதன்று. முதலில், விண்ணப்ப எண்களின் இறுதிப் பட்டியலைக் குலுக்கலுக்கு முன்பே வெளியிட்டு, அதன்பின் மாற்றமில்லை என அறிவிக்கவேண்டும். அடுத்து, நிரலை எவரும் படிக்கத் தரவேண்டும். கடைசியாக, நிரலுக்குரிய தொடக்க எண்ணைப் பொதுமக்கள் முன்னிலையில் பகடை உருட்டிப் பெறவேண்டும். இம்மூன்றும் இருந்தால் எந்தக் கல்லூரி மாணவரும் தம் மடிக்கணினியில் அதே குலுக்கலை மீண்டும் இயக்கி, அதே முடிவு வருகிறதா என்று பார்க்கலாம். குழந்தைகளின் பெயரும் வெளிப்படாது.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று எஞ்சும். குடத்துக்குள் எந்த ஓலை விழலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? உத்திரமேரூரில் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, மறையோதிய ஆடவரின் பெயர்களே குடத்தில் விழுந்தன. குலுக்கல் நேர்மையானது, குடத்தின் வாய் குறுகியது. 2024 பிப்ரவரியில் மகாராட்டிர அரசு ஒரு விதித்திருத்தம் கொண்டுவந்தது. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளிகள் 25 விழுக்காட்டு இடங்களை வழங்கத் தேவையில்லை என்றது அது. ஒரு பந்தைக்கூடத் தொடாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வாய்ப்பை மாற்றியிருக்கக்கூடிய விதி. மும்பை உயர் நீதிமன்றம் மே மாதம் அதற்குத் தடை விதித்தது. ஜூலையில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரிய மாற்றங்கள் அரசிதழில் வெளிப்படையாகவே நிகழ்கின்றன. நாமோ பந்துகளின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டல்லாஸ் ரசிகர் ஐயப்பட்டால் ஒரு மாலைப் பொழுது கசக்கும். கட்கி அக்கா ஐயப்பட்டால், அடுத்த முறை விண்ணப்பிப்பதையே விட்டுவிடக்கூடும்.

அன்று அவரிடம், "அப்படியெல்லாம் இருக்காது அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அறிந்து சொன்ன சொல்லன்று, ஆறுதலுக்குச் சொன்னது. அந்த விடையை அறிந்தே சொல்லும் நிலை வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.