விசா விண்ணப்பமும் விலைக்கு வாங்கும் மொழியும்

பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் பலருக்கு வீட்டுமொழி தமிழ். மாநில அலுவலகங்களின் மொழி மலையாளம். வெளிநாட்டு விசா விண்ணப்பத்தின் மொழியோ ஆங்கிலம். இம்மூன்றுக்கும் நடுவில் அமர்ந்து கட்டணம் பெறுபவர் விசா முகவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று பொத்தாம்பொதுவாக ஏசுவது எளிது. அவர் விற்பதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு என்பதை மொழியியல் துறையினர்கூடக் கவனிப்பதில்லை.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் என்பதே தமிழரிடையே பரவலான வழக்கம். ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டம் அவ்வழக்குக்கு வெளியே உருவானது. (சாதிப் பட்டத்தைத் துறந்த தலைமுறைகளுக்கு அக்கட்டம் வெறுமையாக நிற்பதில் வியப்பில்லை.) 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரை வருகை விசாவில் ஏற்பதில்லை என்றது, கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. இத்தகைய மாற்றங்களை உரிய நேரத்தில் அறிந்து சொல்பவர் பெரும்பாலும் முகவரே.

180 நாள்களுக்குள் 90 நாள்வரை தங்க உதவும் ஷெங்கன் விசாவுக்கு 2009ஆம் ஆண்டின் விசா விதித்தொகுப்பு பொருந்தும். விண்ணப்பப் படிவம் அந்தந்த நாட்டின் ஆட்சிமொழியில் இல்லையெனில் அம்மொழியில் மொழிபெயர்ப்புத் தரப்பட வேண்டும் என்கிறது அது. இந்திய ஒன்றியம் இந்தியையும் ஆங்கிலத்தையும் மட்டுமே ஆட்சிப்பணிக்குக் கொண்டிருப்பதால் தமிழ் இவ்விதியின் பார்வைக்கே வருவதில்லை. அதே விதியைக் கொழும்பில் வைத்துப் படித்தால் தமிழுக்கு இடமுண்டு!

விண்ணப்பதாரர் காலக்கெடுவுக்குள் திரும்புவாரா என்னும் ஐயம், மறுப்புப் படிவத்தில் அச்சிடப்பட்டுள்ள காரணங்களுள் ஒன்று. அதைக் களைய விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், நிலப் பத்திரம் என ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் சான்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றை ஒழுங்குபடுத்தி, பயண நோக்கத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தருவது நேர்மையான உழைப்பு. அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை. விசா உறுதி என்று சொல்லிப் பணம் பெறுவது வேறு. முடிவெடுப்பது தூதரகம், மறுக்கப்பட்டாலும் 90 யூரோ கட்டணம் திரும்பி வராது.

ஆய்வாளர்கள் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. அறிவியல் ஆய்வுக்கோ கருத்தரங்குக்கோ செல்லும் ஆய்வாளருக்கு அந்த 90 யூரோவிலிருந்து அதே விதித்தொகுப்பு விலக்களிக்கிறது. தகுதியும் அழைப்புக் கடிதமும் காட்ட வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. உதவித்தொகையில் காலந்தள்ளும் முனைவர் பட்ட மாணவருக்கு இது சிறு தொகையன்று. இதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு முகவருடையதா, பல்கலைக்கழகத்தினுடையதா?

கருத்தரங்குக்குச் சென்று வந்தவர்களைப் பெருமையாகக் கணக்கிடும் நிறுவனங்கள், அவர்களின் விண்ணப்பத்தை ஒருமுறை படித்துப் பார்க்க ஓர் அலுவலரை அமர்த்தலாம். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் விளக்கும் கையேட்டை மொழியியல் துறை ஒன்று ஒரே பருவத்தில் உருவாக்கிவிடலாம். முதல் கட்டமே பெயர் என்பதால், வேலையைத் தொடங்குவதற்கு ஆய்வுப் பொருளும் ஆயத்தமாகவே இருக்கிறது.