தில்லையில் ஒரு ஜூன் மாதம்

மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாளே ஆயா என்னை நெல்லிக்குப்பத்தில் ரயிலேற்றி அழைத்துப்போய்விடுவார். கரும்பாலை வாடை திருப்பாதிரிப்புலியூர் வரை கூடவே வரும். பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டினால் சிதம்பரம். தேரை விட்டு நடராசர் ராஜசபை என்னும் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளியபின் யாருக்கும் தூக்கம் வராது. விடிகாலையில் கல் தரை ஐஸாகக் குளிரும். நான் தூணைக் கட்டிக்கொண்டு எக்கி எக்கிப் பார்ப்பேன். பால் குடம் குடமாக இறங்கும். சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய இடம் இதுதான் என்று ஆயா ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

இங்கே போர் நடந்த கதையை அவர் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1648இல் படையெடுப்புக்கு அஞ்சி நடராசரையே ஊரைவிட்டு எடுத்துப்போனார்கள். அவர் திரும்பி வந்தது 1686இல். ஏறக்குறைய 38 வருடம் சபை வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள். உயர்ந்த மதில், நான்கு கோபுரம், உள்ளேயே சிவகங்கைக் குளம். படைத்தலைவர்களின் கண்ணுக்கு இது கோயிலாகத் தெரியவில்லை, கோட்டையாகத்தான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்தார்கள். பிறகு ஹைதர் அலியின் படை உள்ளே இருந்தது. 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தன் படையோடு வந்து கோயிலைத் தாக்கி, பிடிக்க முடியாமல் பின்வாங்கினார். இரண்டே வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் ஹைதரை அவர் வென்றதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். சிதம்பரத்தில் தோற்றதைப் படிக்கவில்லை.

ஜூன் 18 என்றால் ஆனி மாதம். ஆனித் திருமஞ்சனத்துக்குக் கூட்டம் நெருக்கியடிக்க வேண்டிய மாதத்தில் அங்கே துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரியாக 200 வருடம் கழித்து, 1981இல், மகாசிவராத்திரியை ஒட்டி அதே கோயிலில் நாட்டியாஞ்சலி தொடங்கியது. 108 கரணச் சிற்பங்கள் நிற்கும் கோபுரங்களுக்கு நடுவே சலங்கை ஒலித்தது. அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த ஊரின் கதை முழுமையாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த திருமஞ்சனத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சேக்கிழாரைச் சொல்லுங்கள். அப்படியே அந்த ஜூன் 18ஐயும் சொல்லிவிடுங்கள்.