தேக்கின் மேல் எனாமல் வேண்டாம்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் அக்கிரகாரங்களில், ஐப்பசி மழையில் பருத்தும் சித்திரை வெயிலில் சுருங்கியும் தலைமுறைகளைக் கடந்து நிற்கும் தேக்குத் தூண்களுக்கு, புதுப்பொலிவின் மீதுள்ள மோகத்தால் இன்று எனாமல் வர்ணம் பூசுவது, என் அபிப்பிராயத்தில், அபசாரமே. மரத்தோடு சேர்ந்து அசைய இயலாத அப்படலம் நாளடைவில் வெடிக்க, அவ்வழியே புகுந்த ஈரம் வெளியேற மார்க்கமின்றித் தங்கி, தூணின் அடியை, விரலால் அழுத்தினாலே உள்வாங்கும் அளவுக்கு உளுத்துப்போகச் செய்துவிடுகிறது. நிறமற்ற வார்னிஷோ (பார்வைக்கு மெத்த அழகுதான்!) சூரிய கிரணங்களை உள்ளே விடுவதால் சீக்கிரமே உரிந்துவிடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சிறிது காவி கலந்து, உலர்ந்த மரத்தில் தேய்த்து, மிகுதியைத் துடைத்துவிட்டால், எண்ணெய் நாருக்குள் இறங்கும். காவி வெயிலைத் தாங்கும். மங்கியபோது சுரண்டாமலே மீண்டும் பூசலாம். துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்த வேண்டும். அது தானே தீப்பற்றக்கூடியது.