விடுதிப் பாடசாலையும் எங்கள் பெண்பிள்ளைகளும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வெளிவந்தவுடன் எங்கள் ஊர்களில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் இனிப்புப் பங்கிடுவார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் படுத்திருக்கும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த வீட்டிலும் சந்தோசம் ஒரு கிழமைக்குத்தான். அதற்குள் தரம் 6க்குப் பாடசாலை தெரிவு செய்யும் படிவம் வந்துவிடும். எந்தப் பாடசாலை? எங்கே தங்குவது? ஆர் பார்த்துக்கொள்வது? இந்த மூன்று கேள்விகளையும் பெரும்பாலும் தாய்மார்தான் சுமக்கிறார்கள். இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

பத்து வயதில் வீட்டை விட்டுப் போய்ப் படிப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தார்கள். எங்கள் பக்கத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படிப்பட்டது. அதன் வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்திலும் தூரத்து ஊர்ப் பையன்கள் வந்து தங்கிப் படித்தார்கள். பெண்களுக்கென்று நகரில் வின்சன்ட் மகளிர் பாடசாலையும் புனித சிசிலியா பெண்கள் கல்லூரியும் நெடுங்காலமாக இருக்கின்றன. ஆனாலும் விடுதி என்று வரும்போது ஆண்பிள்ளைக்கு ஒரு நியாயம், பெண்பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது இன்னும் மாறவில்லை.

நான் இருக்கும் அமிர்தகழியில் படுவான்கரையிலிருந்து வந்து உறவினர் வீடுகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி மகளை அனுப்ப விரும்பிய ஒரு தாயை ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். பிள்ளை நல்ல புள்ளி எடுத்திருந்தாள். "ஆம்புளப் புள்ளயெண்டா யோசியாம விடுதியில உட்டிருப்பன் மிஸ். இவள ஆருட்ட நம்பி உடுற?" என்று கேட்டார். கடைசியில் துணிந்து படிவம் நிரப்பியிருக்கிறார். ஆனால் மிகப் பெயர்பெற்ற ஒரேயொரு பாடசாலையின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். மற்ற வரிகள் வெறுமை. ஏனென்று கேட்டேன். "மத்ததயும் எழுதினா அதத்தான் தருவாங்களெண்டு சொன்னாங்க" என்றார்.

அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டன. வேறு பெயர் எழுதாததால் வேறு இடமும் வரவில்லை. மாவட்டத்தில் முன்வரிசையில் நின்ற பிள்ளை, தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பழைய பாடசாலைக்கே போனாள். இதில் பிள்ளையின் பிழை எங்கே இருக்கிறது?

சகோதரிகளே, அமெரிக்காவில் விடுதிப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் ஒரு முறையைக் கையாளுகிறார்கள். அங்கே பல பள்ளிகள் மார்ச் 10ஆம் திகதி முடிவை அறிவிக்கின்றன. அதற்கு முன்பே அவர்கள் பட்டியலை மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பவை சில. கிடைக்கக்கூடியவை சில. நிச்சயம் கிடைக்கும் என்பது ஒன்றோ இரண்டோ. கடைசியில் உள்ளதை அவர்கள் 'சேஃப்டி ஸ்கூல்' என்கிறார்கள். நாங்கள் அதைக் கைகாவல் பாடசாலை என்று சொல்லலாம். அவர்களுடைய பணமும் வசதியும் எங்களிடம் இல்லை. ஆனால் இந்த யோசனைக்குக் காசு தேவையில்லை. சீட்டுக் கட்டும்போதும் நகையை அடகு வைக்கும்போதும் கைகாவலுக்கு ஒன்றை ஒதுக்கி வைக்கிற எங்களுக்கு, பிள்ளையின் படிப்பில் மட்டும் அது ஏன் தோன்றுவதில்லை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். இரண்டாவது வரியில் எழுதிய பாடசாலை, முதலாவது வரியில் உள்ளதைப் பறித்துவிடாது. முதலாவதற்குப் புள்ளி போதாதபோதுதான் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆகவே எத்தனை வரி இருக்கிறதோ அத்தனையையும் நிரப்புங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி வேறு, பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைக்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

கைகாவல் பாடசாலையை எப்படித் தெரிவது? பெயரைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். எங்கள் நாட்டில் 1ஏபி பாடசாலையில் உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உண்டு. 1சி பாடசாலையில் கலை, வர்த்தகத் துறைகள் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 பாடசாலை சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். உங்கள் ஊருக்கு அருகில் உள்ளது எந்த வகை என்று அதிபரிடமோ வலயக் கல்விப் பணிமனையிலோ கேளுங்கள். கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா என்று பாருங்கள். மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்து நின்ற காலத்தில் எழுவான்கரைப் பாடசாலை படுவான்கரைப் பிள்ளைக்கு எட்டாத தூரம். 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. பழைய தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய முடிவை எடுக்கக்கூடாது.

தரம் 6 ஒன்றுதான் கதவு என்றும் எண்ண வேண்டாம். சாதாரண தரப் பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். பத்து வயதில் விடுதிக்கு அனுப்ப மனம் வராத தாய், பதினாறு வயதில் அனுப்பலாம். அப்போது பிள்ளைக்குத் தன் தேவையைச் சொல்லத் தெரியும். பல்கலைக்கழக அனுமதியிலும் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் முழுத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அங்கே பார்ப்பது உயர்தரப் புள்ளியைத்தான். தரம் 6இல் எந்த வாசலால் நுழைந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.

இனி, தாய்மார் 'பாதுகாப்பு' என்று சொல்லும்போது நினைக்கிற விடயத்துக்கு வருவோம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதை விட, நேரில் போய்க் கேள்வியாகக் கேட்பது நல்லது. விடுதியைப் பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார்? மலசலகூடம் எவ்வளவு தூரம், வெளிச்சம் உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா? மாதவிடாய்க் காலத்தில் பிள்ளை யாரிடம் சொல்வாள்? காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்? தாயோடு தொலைபேசியில் தனியாகப் பேச விடுவார்களா? இவற்றுக்கு முகம் சுழிக்கிற விடுதியில் பிள்ளையை விட வேண்டாம். உறவினர் வீட்டுக்கும் இதே கேள்விகள்தான். சொந்தம் என்பதற்காகக் கேட்காமல் விடக்கூடாது. அங்கே பிள்ளை படிக்கிறாளா அல்லது அந்த வீட்டு வேலையைச் செய்கிறாளா என்பதையும் மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

சிறுவர் இல்லம் வேறு, பாடசாலை விடுதி வேறு என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு, தாயோ தகப்பனோ உயிரோடிருந்தும் வறுமையால் இல்லங்களில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் பலர். "சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்" என்று வீடு தேடி வந்து கேட்பவர்களும் இருந்தார்கள். 1941ஆம் ஆண்டு அநாதை இல்லச் சட்டத்தின்படி இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திலோ விசாரியுங்கள். பதிவு இல்லாத இடத்துக்கு ஒரு நாள்கூட அனுப்பக்கூடாது. பிள்ளைக்கு ஏதும் நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள்.

இன்னும் ஒரு விடயம் உண்டு. எங்கள் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காகவே எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்குக்குப் போய் வந்தார்கள். அத்திவாரம் போட்ட நாளிலிருந்து அவளுடைய படிப்புச் செலவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்குச் சொந்த வீடு இருப்பது எங்கள் பகுதிப் பெண்களின் பலம். ஆனால் மகளின் பெயரில் கல் அரியும்போது, அவள் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் ஒரு தொகையைச் சேர்த்தே ஒதுக்குங்கள். அதுவும் சீதனக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

மாதர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே தரம் 5 தாய்மாரைக் கூட்டுங்கள். அதிபர் ஒருவரையும், விடுதியில் தங்கிப் படித்த உங்கள் ஊர்ப் பெண் ஒருவரையும் அழையுங்கள். படிவத்தை நடுவில் வைத்து ஒவ்வொரு வரியையும் பேசுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையும் இருக்கட்டும். போய்த் தங்கப்போகிறவள் அவள்தானே!