கண்ணுக்குப் புலப்படாத கம்பி

கொல்லைப்புறத்தில் துணி உலர்த்துவதற்காகக் கட்டும் கொடிக்கயிற்றை அறியாதவர் யார்? அதில் துணிகள் தொங்கும் வரையில் அது ஒருவரையும் இடிப்பதில்லை. துணிகளை எடுத்த பிறகு, அந்தி மயங்கும் வேளையில், அதைக் கட்டியவரே போய் அதில் கழுத்தைக் கொடுக்கிறார். கயிறு அங்கே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் கண் அதைக் காணவில்லை. மனமும் அதை நினைக்கவில்லை. வீட்டில் இதைச் சிரித்து மறந்துவிடுகிறோம். ஆகாயத்தில் பறப்பவர்களுக்கோ இதே பிசகு உயிரைக் கொள்ளை கொள்ளும் விஷயமாகிவிடுகிறது.

சாதாரண ஆகாய விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே பூமிக்கு அருகில் வருகிறது. அந்த இடத்தைச் சுற்றிலும் கம்பமோ கட்டடமோ உயராதபடி சட்டம் காவல் காக்கிறது. ஹெலிகாப்டரின் தர்மம் வேறு. பாதையற்ற இடத்திற்குப் போவதும், வயலிலும் மைதானத்திலும் இறங்குவதுமே அதன் பெருமை. மனிதர் வாழும் உயரத்திற்கு அது இறங்கி வருகிறது; மனிதர் கம்பி கட்டுவதும் அதே உயரத்தில்தான்.

2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் உத்தராகண்ட் ராஜ்யத்தின் உத்தரகாசி ஜில்லாவில் பெருமழை பெய்து, ஆராகோட் பக்கத்து மலைக் கிராமங்கள் வெள்ளத்தில் சிக்கின. பாலங்களும் சாலைகளும் போய்விட்டபடியால் உணவும் மருந்தும் ஹெலிகாப்டரில் சென்றன. ஆகஸ்டு 21-ந் தேதி அவ்வாறு நிவாரணப் பொருள்களுடன் சென்ற ஒரு ஹெலிகாப்டர், குறுக்கே சென்ற கம்பியில் சிக்கி வீழ்ந்து மூவர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து அதே பிரதேசத்தில் மற்றொரு ஹெலிகாப்டர், கம்பியைத் தவிர்க்க முயன்று அவசரமாக இறங்கிச் சேதமடைந்தது. அது ஆப்பிள் விளையும் நாடு. தோட்டத்துப் பழங்களைச் சாலைக்கு அனுப்புவதற்காகப் பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பி கட்டிவைப்பது அங்குள்ளோர் வழக்கம். ஒரு வீட்டின் ஜீவனத்துக்காகக் கட்டும் கம்பி, வேறொரு வீட்டுக்குச் சோறு கொண்டுவருபவரின் பாதையில் குறுக்கே நிற்கக்கூடும் என்று கட்டியவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

அதே ஜில்லாவில் 2025-ம் வருஷம் மே 8-ந் தேதி, கங்கோத்ரி செல்லும் சாலையில் கங்னானி என்ற ஊருக்கருகே யாத்திரிகர்களுடன் சென்ற ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. இருந்த எழுவரில் அறுவர் மாண்டனர். சாலையில் இறங்க முயன்றபோது, சாலையோரமாகச் சென்ற செய்தித் தொடர்புக் கம்பி ஒன்றில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை பட்டது என்று விசாரணையின் முதற்கட்ட அறிக்கை கூறிற்று.

"ஓட்டுகிறவருக்குக் கண் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்த்து, அந்த வேற்றுமையைக் கொண்டு தூரத்தை மதிப்பிடுகின்றன. குறுக்கே ஒரே சீராக ஓடும் கம்பியில் அவ்வாறு ஒப்பிடுவதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. எனவே கம்பி தெரிந்தாலும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. புதிதில் பளபளக்கும் கம்பியோ வெயிலிலும் மழையிலும் மங்கிப் பின்னாலுள்ள காட்டின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. ஆதலால்தான் விமானிகளுக்கு, "கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு" என்னும் பொருள்படப் பாடம் சொல்கிறார்கள். மின்சாரக் கம்பியைக் கடக்கும்போது கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குரிய விதி. ஆனால் மலைநாட்டில் இந்தக் கரையிலுள்ள கம்பம் மரங்களுக்குள்ளும், அந்தக் கரையிலுள்ளது அரை மைலுக்கு அப்பாலும் மறைந்து கிடந்தால் எதைத் தேடுவது?

ஆஸ்திரேலியாவில் இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில், கம்பி அங்கே இருப்பதை விமானி முன்னரே அறிந்திருந்தார். கொடிக்கயிற்றின் கதையேதான்! வேலையில் மனம் ஆழ்ந்திருக்கும்போது அறிந்த விஷயமும் அறியாதது போலாகிவிடுகிறது.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. 1970-களில் கானடா தேசத்தில் ஹெலிகாப்டருக்கு ஒருவகைக் கத்தி அமைத்தார்கள். முகப்பில் வந்து மோதும் கம்பியை மேலும் கீழும் பொருத்திய கத்திகளுக்கு வழிப்படுத்தி அறுத்துவிடும் உபாயம் அது. பல உயிர்களை அது காத்திருக்கிறது. எனினும் ஹெலிகாப்டர் வேகமாக முன்னோக்கிச் சென்றால்தான் அது பயன்படும். மெதுவாக இறங்கும்போதும், கம்பி சுழல் இறக்கையிலோ வாலிலோ படும்போதும் அதனால் பயனில்லை.

ஆகவே அதனினும் சிறந்த பரிகாரம் கம்பியிலேயே செய்ய வேண்டியது. நெடுஞ்சாலையில் போகும்போது உயர்ந்த மின்கம்பிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய பந்துகள் தொங்குவதைக் குழந்தைகள் காட்டி, அவை எதற்கென்று கேட்டிருப்பார்கள். விமானிகளுக்கு எச்சரிக்கையாகத் தொங்கவிட்டவை அவை. குறைந்தது இரண்டடி விட்டம் இருக்க வேண்டும். அந்த அளவுள்ள பந்துகளைச் சுமார் நூறு அடிக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும் என்பது சர்வதேச விதி. கொடியில் துணி தொங்கினால் நாம் இடித்துக்கொள்வதில்லை அல்லவா? தத்துவம் அதுவே.

2021-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி குன்னூருக்கருகே ஜெனரல் பிபின் ராவத் முதலியோர் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததை நம் மாகாணத்தார் மறந்திருக்க மாட்டார்கள். எதிர்பாராமல் மேகத்தினுள் புக நேர்ந்ததே காரணம் என்று முப்படைகளின் விசாரணை கூறிற்று. மேகத்தை நாம் கட்டவில்லை. கம்பியையோ நாமே கட்டுகிறோம். மேகத்தால் நேர்வதை விதி என்று சொல்லலாம். கம்பியால் நேர்வதை அவ்வாறு சொல்ல நமக்கு உரிமையில்லை.

இது வடக்கத்தி மலைகளின் சங்கதிதானே என்று இருந்துவிடலாகாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் சென்றவர்கள், காவேரி எவ்வளவு ஆழமான பள்ளத்தில் பாய்கிறாள் என்பதை அறிவார்கள். வெள்ளம் எந்த ஊருக்கும் வரக்கூடும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்கள் மூழ்கியபோது ஹெலிகாப்டர்கள்தாம் உணவுப் பொட்டலங்களைக் கொண்டுபோய்ப் போட்டன. அத்தகைய நாளில் ஹெலிகாப்டர் இறங்குமிடம் பெரும்பாலும் எது? ஊரில் விசாலமான இடம் பள்ளிக்கூட மைதானமே. அதன் ஓரத்தில் செல்லும் மின்கம்பி, கேபிள் டெலிவிஷன் கம்பி, எவரோ எப்போதோ கட்டி மறந்துபோன இரும்புக் கம்பி, இவற்றின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

மின்சார இலாகாவிடம் அதன் கம்பிகளின் கணக்கு இருக்கும். மற்றவற்றின் கணக்கு ஊராருக்கே தெரியும். ஆகையால் ஒவ்வொரு பள்ளியிலும் பூகோள பாடத்தின் ஒரு பகுதியாக, மைதானத்தைச் சுற்றியுள்ள கம்பிகளையும் கம்பங்களையும் மாணவர்களைக் கொண்டே படம் வரையச் செய்யலாம். ஒரு பிரதி பஞ்சாயத்திலும், மற்றொன்று தாசில்தார் கச்சேரியிலும் இருக்கட்டும். பயனற்ற கம்பியை அவிழ்த்துவிட வேண்டும். பள்ளத்தின் குறுக்கே புதிதாகக் கட்டுகிறவர் அதில் அடையாளமும் கட்ட வேண்டும்.

உதவி தேடிக் கைநீட்டுகிறவர், வருகிறவரின் பாதையில் கிடக்கும் முள்ளை முன்னதாக அகற்றிவைப்பது நமது பழைய மரியாதை. அம்மரியாதை தரையோடு நின்றுவிடாமல் நம் தலைக்கு மேலும் சற்று உயரட்டும்.