ஓட்டல் தொழிலாளிக்கு ஓய்வு எங்கே?

ஊருக்கெல்லாம் உணவு பரிமாறுகிறான் ஓட்டல் தொழிலாளி. ஊர் உண்ணும் வேளையில் அவன் உண்ண முடியாது. ஊர் உறங்கும் வேளையில் அவன் உறங்க முடியாது.

விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டுகிறான். பகல் சாப்பாட்டுப் பந்தி முடிய 3 மணியாகிறது. பிறகு மாலை டிபன் வரை ஓய்வு என்கிறார் முதலாளி. அந்த 2 மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்வர முடியுமா? மாவு மூட்டைகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுக்கிறான். கடை கட்டும்போது இரவு 11 மணி!

தங்க இடம் இலவசம் என்று பெருமை பேசுகிறார்கள். எங்கே? சமையற்கட்டுக்கு மேல் மாடியில்! கூப்பிட்ட குரலுக்கு இறங்கி வரவேண்டும். இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்த பிறகும் காது கல்லாப்பெட்டியின் பக்கமே இருக்கிறது. இதற்கு ஓய்வு என்று பெயர் சூட்டுவது மோசடி.

உறக்கம் கெட்டவன் கை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே தடுமாறும். பில் தவறும். பேச்சில் எரிச்சல் தெறிக்கும். உடனே, "திமிர்" என்கிறார்கள், சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அசதிக்கு அபராதமா? வயிறார உண்டு, கண்ணாரத் தூங்கி, பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறவன்தான் முகம் மலர்ந்து பரிமாறுவான். அவன் ஓய்வால் கடைக்கும் லாபமே.

வேலை நேரத்துக்கு வரம்பும் வார விடுமுறையும் வகுத்து, ஓட்டல் தொழிலாளிக்கென்றே 1958இல் நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. தினசரி ஓய்வும் வார ஓய்வும் வேண்டும், வேலை முறையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று 1991இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் வகுத்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏட்டில் உள்ள சட்டம் எச்சில் இலை எடுப்பவனை எப்போது எட்டும்?

மாற்றாளுக்கு எங்கே போவேன் என்கிறார் சிறு கடைக்காரர். அவர் சிரமம் நமக்குப் புரிகிறது. வாரத்தில் ஒரு நாள் கடையை மூடட்டும்; முடியாதவர் முறை வைத்து விடுமுறை தரட்டும்.

நாம் கேட்பது இவ்வளவே: சம்பளம் பிடிக்காத வார விடுமுறை, இரவில் இடையூறில்லாத உறக்கம், வேலையிடத்திலிருந்து விலகிய தங்குமிடம்.

தோழர்களே! நாள்தோறும் டீ குடிக்கும் கடையில் உள்ள தொழிலாளியிடம், "வாரம் ஒரு நாள் லீவு உண்டா?" என்று கேளுங்கள். பீகாரிலிருந்து வந்த தோழனையும் சேர்த்துச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஓய்வு முதலாளி போடும் பிச்சையல்ல, உழைத்தவன் உரிமை!